புது காருக்கு அலாரம், கியர் லாக், ஜிபிஎஸ்: எது போடலாம்? டீலர் சொல்ற பேக்கேஜ் தேவையா?

பேட்டைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வாழ்க்கையில முதல் கார் புக் பண்ணியிருக்கேன், மாருதி பிரெஸ்ஸா, சாவி போட்டு திருகுற வேரியண்ட்தான், புஷ் ஸ்டார்ட் இல்ல. அடுத்த மாசம் டெலிவரி. சொந்த ஊர் திருநெல்வேலி, இப்ப இருக்கிறது மடிப்பாக்கத்துல வாடகை வீடு. காம்பவுண்டுக்குள்ள வீட்டுக்காரர் வண்டி நிக்குது, அதனால நம்ம வண்டி ராத்திரி பூரா தெருவுலதான் கிடக்கணும், தெரு விளக்கு ஒண்ணு எரியும் ஒண்ணு எரியாது, அப்படி ஒரு தெரு.

இதை வாய் தவறி ஷோரூம்ல சொல்லிட்டேன் போல, உடனே சேல்ஸ் தம்பி ஒரு பேப்பரை நீட்டிட்டார். செக்யூரிட்டி பேக்கேஜாம், 19,500 ரூபா. ரிமோட்டோட சைரன் அலாரம், கியரை அசைய விடாம பூட்டுற கியர் லாக், அப்புறம் ஜிபிஎஸ் ட்ராக்கர், அதுல மொபைல்ல இருந்தே எஞ்சினை ஆஃப் பண்ற வசதி வேற இருக்காம். வேண்டாம்னு இழுத்தேன், "சார் இதெல்லாம் போடலேன்னா திருட்டு கிளைம் போகும்போது இன்சூரன்ஸ்காரன் கேள்வி கேப்பான்"னு ஒரு போடு போட்டார். வீட்டுல அது வேற பயத்தை கிளப்பி விட்ருச்சு.

கேள்வி இதுதான். கம்பெனிலயே இம்மொபிலைசர்னு ஒண்ணு வருதே, அதுக்கு மேல இதெல்லாம் வேணுமா? வேணும்னா எது முதல்ல? ஷோரூம்ல போடுறதா வெளிய போடுறதா? பட்ஜெட் பத்தாயிரத்துக்குள்ள இருந்தா சந்தோஷம்.

வயர்மேன்_காந்திபுரம்:
வாழ்த்துகளுங்க தம்பி. நான் கோயமுத்தூர்ல கார் எலக்ட்ரிக்கல் வேலை பாக்கறேன், இந்த அலாரம் எல்லாம் மாட்டியும் இருக்கேன், மாட்டினதை கழட்டியும் இருக்கேன், கழட்டினதுதான் ஜாஸ்தின்னு வெச்சுக்கோங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. ரிமோட் லாக் வேற, இம்மொபிலைசர் வேற. ரெண்டும் ஒரே சாவிக்குள்ள இருக்கறதால எல்லாரும் குழப்பிக்கறாங்க. ரிமோட் பட்டனை அமுக்கினா அது பேட்டரில வேலை செய்யும், கதவை தொறக்கும் பூட்டும், அவ்வளவுதான். இம்மொபிலைசர் சிப்புக்கு பேட்டரியே கிடையாதுங்க. சாவி போடற ஓட்டையை சுத்தி ஒரு காயில் இருக்கும், நீங்க சாவியை திருப்பும்போது அந்த காயில்ல இருந்து வர்ற 125 கிலோஹெர்ட்ஸ் அலைல சிப்பு உசுரு வந்து தன்னோட கோடை சொல்லும், எஞ்சின் கம்ப்யூட்டர் அந்த கோடை ஒத்துக்கிட்டாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். அதனாலதான் ரிமோட் பேட்டரி செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகுது. அந்த காலத்து வண்டில பண்ண மாதிரி ஸ்டியரிங்குக்கு கீழ வயரை உருவி ரெண்டை சேத்து ஸ்டார்ட் பண்றதெல்லாம் இதுல நடக்காது. மாருதில இதுக்கு ஐகேட்ஸ்னு பேரு வெச்சிருக்காங்க, உங்க வண்டில அது இருக்கும், அதுக்கு தனியா காசு குடுக்க வேண்டியதில்ல.

இப்ப அந்த பேக்கேஜ்ல இருக்கற சைரன் அலாரம். அது சத்தம் போடுமே ஒழிய வண்டியை நிறுத்தாது. அதை மாட்டறதுக்கு இண்டிகேட்டர் வயர், டோர் லாக் வயர், இக்னிஷன் வயர்னு அங்கங்க இன்சுலேஷனை உரிச்சு டேப் சுத்துவாங்க. புது வண்டில ஒரிஜினல் வயர் கட்டுல (ஹார்னஸ்) பிளேடு வெச்சா, நாளைக்கு எலக்ட்ரிக்கல்ல ஏதாவது கோளாறு வந்து வாரண்டிக்கு போனீங்கன்னா, அதே ஷோரூமோட சர்வீஸ் சென்டர்லயே "சார் வெளி ஃபிட்டிங் இருக்கு"ம்பாங்க. வித்தவங்க வேற டிபார்ட்மெண்ட், வாரண்டி பாக்கறவங்க வேற டிபார்ட்மெண்ட். அலாரம் போட்டே ஆகணும்னா வயரை வெட்டாம கப்ளர்ல சொருகற டைப் கேளுங்க, கம்பெனியோட சொந்த அக்சசரி லிஸ்ட்ல இருக்கறதா பாருங்க, அதை பில்லுல எழுதி வாங்குங்க.

கியர் லாக் நல்ல பொருளுங்க. அது மட்டும் தனியா வாங்குங்க.

சும்மா_ஒருத்தன்:
அலாரம் எல்லாம் தண்டம் ப்ரோ. எங்க தெருவுல ஒரு வண்டி பூனை ஏறினா கத்துது, இடி இடிச்சா கத்துது, தீபாவளி வந்தா நாலு நாளு தொடர்ந்து கத்துது. நெஜமாவே திருடன் வந்து கத்தினாலும் ஒருத்தன் ஜன்னலை தொறந்து பாக்க மாட்டான், "அந்த சனியன் வண்டி மறுபடி ஆரம்பிச்சிருச்சு"ன்னு ஃபேனை அஞ்சுல வெச்சுட்டு தூங்குவான். நானும் அப்படித்தான் தூங்குறேன்.

ஓஎம்ஆர்_காலி_சீட்:
மேல சொன்னவர்கிட்ட கொஞ்சம் மாறுபடுறேன். மெட்ராஸ்ல முழு காரையே ஓட்டிட்டு போறதை விட கண்ணாடியை உடைச்சு உள்ள இருக்கிற பையை தூக்குறதுதான் நான் நிறைய கேள்விப்பட்டது. ஹோட்டல் வாசல், கல்யாண மண்டபம், பீச் ரோடு, இங்கெல்லாம் பின் சீட்ல லேப்டாப் பை தெரிஞ்சா போதும், ஸ்பார்க் பிளக் பீங்கான் துண்டை வீசினா சைடு கண்ணாடி சத்தமே இல்லாம பொடிப்பொடியா உதிரும். என் கூட வேலை பாக்குறவருக்கு துரைப்பாக்கத்துல அப்படித்தான் போச்சு. அந்த மாதிரி திருட்டுக்கு கியர் லாக் என்ன பண்ணும்? இம்மொபிலைசர் என்ன பண்ணும்? அங்க சத்தம் போட்டா அவன் ஓடுவான், ஏன்னா அது ஆள் நடமாடுற இடம், ராத்திரி ரெண்டு மணி தெரு இல்ல. அதனால அலாரமே வேஸ்ட்னு சொல்லாதீங்க.

இன்னொரு டைப்பும் இருக்கு. "சார் டயர் பஞ்சர்", "சார் பானட்ல இருந்து ஆயில் ஒழுகுது", "சார் கீழ பணம் விழுந்திருக்கு பாருங்க"ன்னு நம்மளையே இறக்கி விட்டு அந்த பக்க கதவு வழியா பையை எடுக்கிறது. அதுக்கு எந்த மெஷினும் கிடையாது. இறங்கும்போது சாவியை எடுத்து பூட்டிட்டு இறங்கணும், அவ்வளவுதான்.

வயர்மேன்_காந்திபுரம்:
ஓஎம்ஆர்காரர் சொல்றது சரிதானுங்க, ஆனா ஒரு விஷயம் சேத்துக்கறேன். கம்பெனில இருந்து வர்ற அலாரம் பெரும்பாலும் கதவு, டிக்கி, பானட் தொறந்தாத்தான் கத்தும். கண்ணாடியை உடைச்சு கையை விட்டு பையை எடுத்தா அது பாட்டுக்கு சும்மா இருக்கும், ஏன்னா கதவு தொறக்கலையே. கண்ணாடி உடையறதுக்கு கத்தணும்னா ஷாக் சென்சார் வேணும், அது வெளில வாங்கற அலாரத்துலதான் வரும். அந்த சென்சார்ல சின்னதா திருகற திருகு ஒண்ணு இருக்கும், சென்சிட்டிவிட்டியை கூட்டி குறைக்க. மாட்டற பசங்க அதை தொடறதே இல்ல, ஃபுல்லா வெச்சுட்டு போயிடுவாங்க, அப்புறம் லாரி போனா கத்துது பூனை ஏறினா கத்துதுன்னு நம்மகிட்ட வர்றது. கையால கண்ணாடியை தட்டினா கத்தக்கூடாது, முஷ்டியால பலமா குத்தினா கத்தணும், அந்த அளவுக்கு வெச்சுக்கோங்க, பாதி தொந்தரவு தீந்துரும்.

துவாரகா_வாசி:
டெல்லில இருந்து எழுதுறேன், ஊர் கும்பகோணம் பக்கம். கார் திருட்டுன்னா என்னன்னு தெரியணும்னா எங்க ஏரியாவுக்கு வாங்க. இங்க கிரெட்டா, பார்ச்சூனர், ஸ்கார்பியோ வெச்சிருக்கிறவன் எல்லாம் காலைல எழுந்ததும் பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி பால்கனில எட்டிப் பாப்பான் வண்டி இருக்கான்னு.

வயர்மேன் அண்ணன் இம்மொபிலைசர் பத்தி சொன்னது எல்லாம் சரி, ஆனா அதை தாண்டவும் வழி கண்டுபிடிச்சுட்டாங்க. ஸ்டியரிங்குக்கு கீழ ஓபிடி போர்ட் இருக்கில்லையா, மெக்கானிக் ஸ்கேனர் சொருகுவாரே, அதுல சாவி ப்ரோக்ராம் பண்ற டேப்லெட்டை சொருகி புது வெத்து சாவியை வண்டிக்கு பழக்கி விடுறாங்க. வண்டியே "இதுவும் நம்ம சாவிதான்"னு நம்பிரும். சிசிடிவில பாத்தீங்கன்னா சில நிமிஷத்துல வேலை முடிஞ்சு கிளம்பிடுறாங்க, அலாரம் வயரை முதல்லயே கட் பண்ணிடுவாங்க.

புஷ் ஸ்டார்ட் வண்டிக்கு ரிலே திருட்டுன்னு ஒண்ணு வேற. நீங்க ராத்திரி சாவியை வாசல் பக்கம் ஸ்டாண்டுல மாட்டி வெச்சிருப்பீங்க, ஒருத்தன் கதவுகிட்ட ஒரு ஆன்டெனா பையோட நிப்பான், இன்னொருத்தன் காருகிட்ட நிப்பான், கார் கூப்பிடுற சிக்னலை வீட்டுக்குள்ள கொண்டு போய் சாவி சொல்ற பதிலை திரும்ப காருக்கு கொண்டு வருவாங்க. ஒண்ணையும் உடைக்க வேணாம். உங்களுக்கு திருகுற சாவிங்கிறதால இந்த தலைவலி இல்ல. ஸ்மார்ட் கீ வெச்சிருக்கிறவங்க சிக்னல் வெளிய போகாத பாரடே பை வாங்கி அதுல போடுங்க, பெரிய விலை இல்ல, ஸ்பேர் சாவியையும் அதுலயே போடணும், பாதிப்பேர் அதை மறந்துடுறாங்க.

நான் என்ன பண்ணியிருக்கேன்னா கியர் லாக், ஸ்டியரிங் திரும்பாம தடுக்கிற ராடு, ஓபிடி போர்ட் மேல ஒரு பூட்டு. ஸ்டியரிங் ராடு மட்டும் நம்பாதீங்க, ராடு இரும்பு, ஆனா ஸ்டியரிங் வளையத்தை ஹேக்சா பிளேடால அறுத்துட்டு ராடை உருவிருவான். ஆனா கண்ணுக்கு தெரியுதுல்ல, அதுதான் அதோட வேலை. என் வண்டியும் பக்கத்து வண்டியும் ஒரே மாடலா இருந்தா எதுல பூட்டு கம்மியோ அதைத்தானே எடுப்பான். பக்கத்து வீட்டுக்காரருக்கு இது தெரியாம பாத்துக்கிறேன்.

கிளைம்_தாத்தா:
மோட்டார் இன்சூரன்ஸ்ல சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன். அந்த சேல்ஸ் தம்பி சொன்னதுக்கு பதில் சொல்லாம போக மனசு வரல.

அலாரமோ கியர் லாக்கோ போடலேன்னு திருட்டு கிளைமை மறுக்க முடியாது தம்பி. பாலிசில அப்படி கண்டிஷன் கிடையாது. பாலிசி என்ன சொல்லுதுன்னா வண்டியை காப்பாத்த நியாயமான ஜாக்கிரதை எடுத்துக்கணும். சாவியை வண்டியிலயே விட்டுட்டு டீ குடிக்க போனீங்கன்னா அது பிரச்சனை, கிளைம் தொகையை குறைக்கலாம், மறுக்கவே பாக்கலாம், நுகர்வோர் கோர்ட்டுக்கு அலையணும். பூட்டிட்டு வந்த வண்டி போச்சுன்னா அலாரம் எங்கன்னு யாரும் கேக்கப்போறதில்ல. திருட்டு தடுப்பு சாதனத்துக்கு தள்ளுபடின்னு ஒண்ணு இருக்கு, அதுவும் வண்டி சாமான்களை சோதிக்கிற ஏஆர்ஏஐ அமைப்போட அப்ரூவல் இருந்தாத்தான், பழைய டாரிஃப்படி ஓன் டேமேஜ் (நம்ம வண்டிக்கு வர்ற சேதம், திருட்டுக்கான) பிரீமியத்துல 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபா. ஐநூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு 19,500 குடுக்கிறதை நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

அவங்க கேக்கப்போறது ரெண்டு சாவி. டெலிவரில குடுத்த ரெண்டு ஒரிஜினல் சாவியும் இருக்கணும். இது இல்லாம நின்ன ஃபைல் எத்தனை பாத்திருக்கேன், ஒரு சாவி ஊர்ல இருக்கு, ஒண்ணு மச்சான்கிட்ட இருக்கு, ஒண்ணு எப்பவோ தொலைஞ்சது சொல்லல. சாவி தொலைஞ்சா அன்னைக்கே ஸ்டேஷன்ல ஒரு மனு குடுத்து ரசீது வாங்கி, இன்சூரன்ஸ்காரனுக்கு ஒரு மெயில் போட்டு, சர்வீஸ் சென்டர்ல புது சாவியை ப்ரோக்ராம் பண்ணும்போது பழைய சாவியை மெமரில இருந்து அழிக்க சொல்லணும். சாவி மாத்துறதுக்குன்னே பாலிசியோட கூடுதலா சேத்துக்கிற ஆட் ஆன் கவர் இருக்கு, பிரீமியம் சொற்பம்தான்.

ரெண்டாவது, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்ங்கிற ஆட் ஆன். இதைத்தான் அந்த பையன் உங்களுக்கு முதல்ல சொல்லியிருக்கணும். வண்டி போச்சுன்னா பாலிசி குடுக்கிறது ஐடிவி, அதாவது பாலிசில எழுதியிருக்கிற வண்டி மதிப்பு மட்டும். புது வண்டிக்கே எக்ஸ் ஷோரூம் விலைல 5 சதவீதம் கழிச்சுத்தான் ஐடிவி, ஆறு மாசம் தாண்டினா தேய்மானம் 15 சதவீதம், ஒரு வருஷம் தாண்டினா 20, ரெண்டு வருஷம் தாண்டினா 30. நீங்க கட்டின ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் காசெல்லாம் அதுல வராது. பத்து லட்ச ரூபா எக்ஸ் ஷோரூம் வண்டின்னா முதல் நாளே ஐடிவி ஒன்பதரை லட்சம்தான், நீங்க ஆன் ரோடா கட்டினது அதுக்கு மேல எங்கேயோ இருக்கும், பேங்க் லோன் பாக்கி வேற நிக்கும். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் போட்டா அந்த இடைவெளியை அடைச்சிடலாம், ரோடு டாக்ஸ் சேருமான்னு வார்த்தையை படிச்சு பாத்து எடுங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும். லேப்டாப் மாதிரி உள்ள இருக்கிற சாமான் கார் பாலிசில வராது, அதுக்கும் தனி ஆட் ஆன்.

கடைசியா, போச்சுன்னு தெரிஞ்ச உடனே 100க்கோ 112க்கோ போன், எஃப்ஐஆர், இன்சூரன்ஸ்காரனுக்கு தகவல். எஃப்ஐஆர் உடனே போட்டிருந்து இன்சூரன்ஸ்காரனுக்கு மட்டும் சொல்ல தாமதமானா அதை வெச்சே கிளைமை தள்ளக்கூடாதுன்னு 2020 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஆனா அதை நம்பி லேட் பண்ணாதீங்க. அப்புறம் போலீஸ்கிட்ட வண்டி கிடைக்கலைங்கிற நான் ட்ரேசபிள் ரிப்போர்ட் வாங்கணும், ஆர்டிஓ ஃபார்ம் எல்லாம் கையெழுத்து போட்டு குடுக்கணும், அது மாசக்கணக்குல இழுக்கும்.

பேட்டைக்காரன்:
தாத்தா ரொம்ப நன்றி, இதை அப்படியே வீட்டுல படிச்சு காட்டிட்டேன். சேல்ஸ் தம்பி கொடுத்த இன்சூரன்ஸ் கோட்டேஷனை எடுத்து பாத்தேன், அதுல ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் இல்லவே இல்ல, ஆனா எஞ்சின் பாலிஷ் கோட்டிங்னு ஒரு தொகை இருக்கு.

ஜிபிஎஸ் பத்தி யாராவது சொல்லுங்களேன். மொபைல்ல எஞ்சினை ஆஃப் பண்றது கேக்க ஜோரா இருக்கு, உண்மைலயே வேலை செய்யுமா? வீட்டம்மாவும் வண்டி ஓட்டுவா.

மலர்_ஸ்டியரிங்:
வேலை செய்யும், அதுதான் பயமே. என் அண்ணன் வண்டில அந்த மாதிரி ஒண்ணு மாட்டியிருந்தாங்க, ஃப்யூயல் பம்ப் வயர்ல ஒரு ரிலே, கரண்டை துண்டிக்கிற சுவிட்ச் மாதிரி. அண்ணி திண்டிவனம் பைபாஸ்ல போயிட்டு இருக்கும்போது அந்த ரிலே தானா விட்டுப்போச்சு, யாரும் எதையும் அமுக்கல. வண்டி இழுவை போய், ஸ்டியரிங் கனத்து, பிரேக் ரெண்டு மிதிக்கு மேல இறுகிப்போய், பின்னாடி ஒரு ஆம்னி பஸ். எப்படியோ ஓரங்கட்டிட்டாங்க. திருடன் ஒருநாள் வந்தாலும் வரலாம் வராமலும் போகலாம், நம்ம தினமும் அதுல போறோமே, அதை யோசிங்க. ட்ராக்கர் மட்டும் போடுங்க, கட் ஆஃப் வேண்டாம்.

இன்னொண்ணு, தப்பா நினைக்காதீங்க. வீட்டம்மாவும் ஓட்டுவாங்கன்னா ஜிபிஎஸ் ஆப் அவங்க போன்லயும் இருக்கணும், ஆன்ல இருக்குன்னு அவங்களுக்கு தெரிஞ்சு இருக்கணும். "எங்க ஏன் பத்து நிமிஷம் நின்ன"ன்னு சாயங்காலம் விசாரணை ஆரம்பிச்சா அது திருட்டு தடுப்பு இல்ல, வேற.

கியர் லாக்கும் யோசிச்சு வாங்குங்க, தினமும் ரிவர்ஸ்ல போட்டு பூட்டுவீங்களா? எனக்கு தெரிஞ்சு முதல் மாசம் எல்லாரும் பூட்டுவாங்க, அப்புறம் அது ஆர்ம்ரெஸ்ட் பக்கத்துல அலங்காரமா நிக்கும். நான் பகல்ல பூட்ட மாட்டேன், ராத்திரி மட்டும் கண்டிப்பா பூட்டுவேன், அந்த ஒரு பழக்கம் பிடிபட்டுருச்சு.

ஸ்காபரோ_பெடியன்:
நான் கனடாவில இருக்கிறன், எங்கட பக்கம் இந்த களவு பெரிய தலையிடி. இங்க 2007 செப்டம்பருக்குப் பிறகு வந்த புது கார் எல்லாத்துக்கும் இம்மொபிலைசர் கட்டாயம் எண்டு சட்டம் இருக்கு, எண்டாலும் இரவு நிப்பாட்டின கார் விடிய இல்லை. கொண்டுபோய் கொண்டெய்னருக்குள்ள ஏத்தி மொன்றியால் துறைமுகத்தால வெளிநாட்டுக்கு அனுப்பிறாங்கள். 2024ல டொராண்டோ பொலிஸ்காரர் ஒருத்தர் ஒரு கூட்டத்தில சொன்னவர், கள்ளன் வீட்டுக்குள்ள வந்து உங்களை அடிக்காமல் இருக்க சாவியை முன்கதவடியில வையுங்கோ எண்டு. கேட்டுப்போட்டு சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியேல்லை.

அமெரிக்காவில அப்பிடி சட்டம் இல்லாதபடியால்தான் அங்க சில ஹூண்டாய், கியா மொடல்கள் இம்மொபிலைசர் இல்லாமலே வித்தவை, பிறகு பெடியள் யூஎஸ்பி கேபிளால திருகி எடுத்துக்கொண்டு போற வீடியோ எல்லாம் வந்தது. ஆகவே தம்பி உங்கட வண்டியில அது இருக்கெண்டதே பெரிய விசயம்.

நான் செய்திருக்கிறது, ஒரு ஏர்டாக்கை (ஆப்பிளின்ர சின்ன ட்ராக்கர்) சீட் உறைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறன். வருசக் காசு இல்லை, வயரும் இல்லை. ஒரு குறை, கள்ளனிட்ட ஐபோன் இருந்தால் அவனுக்கும் கொஞ்ச நேரத்தால அறிவிப்பு போகும். அதுக்கிடையில பொலிஸ் வந்தால் உங்கட அதிர்ஷ்டம்.

துவாரகா_வாசி:
ட்ராக்கர் பத்தி ஒண்ணு. இங்க திருடுறவங்க வண்டியை எடுத்த உடனே ஊரை விட்டு ஓட்டிட்டு போறதில்ல, ரெண்டு தெரு தள்ளி ஏதாவது மார்க்கெட் பார்க்கிங்ல ஒரு நாள் ரெண்டு நாள் சும்மா நிறுத்தி வெச்சுடுவாங்க. ஓனர் தேடிட்டு வந்தா ட்ராக்கர் இருக்குன்னு அர்த்தம், வரலேன்னா அப்புறம் எடுப்பாங்க. அதனால டாஷ்போர்டுக்கு கீழ கை வெச்சா தட்டுப்படுற இடத்துல ட்ராக்கரை வைக்காதீங்க. சிக்னலை அடைக்கிற ஜாமர் போட்டா எந்த ட்ராக்கரும் பேசாது, அதுவும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஃபாஸ்டாக் எஸ்எம்எஸ் வர்ற நம்பர் உங்க கையில இருக்கிற நம்பரா இருக்கட்டும். வண்டி போனது தெரியாம தூங்கிட்டு இருக்கும்போது டோல் கட் ஆன மெசேஜ் பாத்து எந்த ரோட்டுல போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டவங்க உண்டு.

வயர்மேன்_காந்திபுரம்:
ஜிபிஎஸ்ல யாரும் சொல்லாத இன்னொரு சங்கதி பேட்டரிங்க. நிறைய சின்ன வண்டில 35 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரி இருக்கும். ட்ராக்கர் ஒண்ணு சும்மா நிக்கும்போதே 30 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு 0.72 ஏஎச், ஒரு மாசம் வண்டியை எடுக்காம விட்டா கிட்டத்தட்ட 22 ஏஎச் காலி. வண்டியோட சொந்த கம்ப்யூட்டர், அலாரம் எல்லாம் இழுக்கறது தனி. மூணு வாரம் ஊருக்கு போயிட்டு வந்து சாவியை திருப்பினா டிக் டிக்னு சத்தம் மட்டும் வரும். நல்ல ட்ராக்கர் வண்டி நின்ன கொஞ்ச நேரத்துல தூங்கிரும், அசைஞ்சாத்தான் முழிக்கும். வாங்கும்போது ஸ்லீப் மோட் இருக்கான்னு கேளுங்க, மாட்டினவுடனே மீட்டர் வெச்சு எவ்வளவு இழுக்குதுன்னு காட்ட சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா அவர்கிட்ட வாங்காதீங்க.

அப்புறம் சிம்மு. அதுக்குள்ள இருக்கறது 13 இலக்க நம்பர் வர்ற மெஷின் சிம்மா இருக்கும், வருஷா வருஷம் ரீசார்ஜ் கட்டணும். முதல் வருஷம் ஃப்ரீம்பாங்க, ரெண்டாவது வருஷம் கட்ட மறந்துட்டா அது வெறும் டப்பா. நீங்க எடுக்கற வேரியண்ட்ல சுசுகி கனெக்ட் வருதான்னு முதல்ல பாருங்க, வந்தா அதுலயே வண்டி எங்க இருக்கு, யாராவது இழுத்துட்டு போறாங்களாங்கற அலர்ட் எல்லாம் வரும், தனியா எதுக்கு இன்னொரு பொட்டி.

கியர் லாக் வாங்கறப்ப உங்க மாடலுக்குன்னே வர்ற பிராக்கெட்டோட வாங்குங்க. எல்லா வண்டிக்கும் சேரும்னு ஒண்ணு தருவாங்க, அதை மாட்ட கன்சோல்ல ட்ரில் போட்டு ஓட்டை போடுவாங்க, அப்புறம் அது ஆடிட்டு லொடலொடன்னு சத்தம். சாவியோட ஒரு கோடு கார்டு வரும், அதை ஆர்சி புக்கோட வீட்டுல வையுங்க, வண்டிக்குள்ள வைக்காதீங்க. இதையும் சொல்லணுமான்னு கேப்பீங்க, எத்தனை வண்டில க்ளவ் பாக்ஸ்ல ஸ்பேர் சாவியே இருக்கு தெரியுமாங்க.

பேட்டைக்காரன்:
எல்லாரும் சொன்னதை வெச்சு ஷோரூம்ல பேசிட்டேன். பேக்கேஜ் வேண்டாம்னதும் முதல்ல முகம் சுருங்கிச்சு, அப்புறம் கியர் லாக் மட்டும் கம்பெனி அக்சசரில இருந்து போட்டு தர்றேன்னுட்டார். இன்சூரன்ஸ் வெளில கோட்டேஷன் வாங்கினேன், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், சாவி கவர் ரெண்டும் சேர்த்தும் ஷோரூம் கோட்டேஷனை விட கம்மியா வருது. அதை காட்டினதும் அவங்களும் இறங்கி வந்தாங்க. நாலு கண்ணாடிலயும் வண்டி நம்பர் பொறிக்கிறது பண்ணலாமா?

கிளைம்_தாத்தா:
பண்ணலாம், கெடுதல் இல்ல. திருடினவன் நம்பர் பிளேட்டை மாத்துறது சுலபம், கண்ணாடி எல்லாத்தையும் மாத்தணும்னா செலவு. ஆனா அதுக்கு ஆயிரக்கணக்குல கேட்டா குடுக்காதீங்க. இப்ப வர்ற ஹை செக்யூரிட்டி பிளேட்டும் முன் கண்ணாடில ஒட்டுற ஸ்டிக்கரும் எப்படியும் வந்துரும். டெலிவரி அன்னைக்கு ரெண்டு சாவியையும் எண்ணி வாங்குங்க, சேஸிஸ் நம்பரை இன்வாய்ஸோட ஒத்துப் பாருங்க.

டியாகோ_ஏஎம்டி:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கு கிளட்ச் இல்லாத ஏஎம்டி வண்டி, அதுக்கும் கியர் லாக் வருதா? கடைல கேட்டா ஒருத்தர் வருதுங்கிறார், ஒருத்தர் ஆட்டோமேட்டிக்குக்கு தேவையில்லங்கிறார்.

வயர்மேன்_காந்திபுரம்:
வருதுங்க, ஆனா மேனுவலுக்கு வர்றது இதுக்கு சேராது, லீவர் அமைப்பே வேற. வண்டி பேரு, ஏஎம்டி, எந்த வருஷம், மூணையும் சொல்லி கேளுங்க. மாட்டினப்புறம் பூட்டிட்டு லீவரை பலமா ஒரு இழு இழுத்து பாருங்க, கொஞ்சம்கூட நகரக்கூடாது. நகர்ந்தா கழட்டி குடுத்துட்டு காசை வாங்கிட்டு வந்துருங்க.